தகடூரைக் காலால் அளக்க: வாசகர் கேள்வி பதில்

தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் படிக்க வந்திருக்கும் வெளியூர் மாணவர்களும், இங்கிருந்து வெளியூர் கிளம்பும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

சொந்த ஊர் தூத்துக்குடி. தர்மபுரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். "ஒகேனக்கல்லை விட்டால் இங்கே என்ன இருக்கு?" என்கிறார்கள். ஒரு ஞாயிறு முழுக்க நடந்தே ஊரின் பழமையைப் பார்க்க ஆசை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?
— கல்லூரி மாணவி, தர்மபுரி

முதலில் இடங்களின் பட்டியல் போடுவதை விடுங்கள். இந்த ஊரில் வழியை முடிவு செய்வது வெயில்தான். பதினொரு மணிக்கு மேல் கோயில் பிராகாரக் கல் காலைச் சுடும். உச்சி வெயிலில் சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் நிழல் விழாது, அதனால் எல்லாம் தட்டையாகத் தெரியும். பன்னிரண்டுக்குப் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காலையில் கோயில், நடுப்பகலில் கூரைக்குக் கீழே அருங்காட்சியகம், நான்கு மணிக்கு மேல் மறுபடி வெளியே.

ஏழு மணிக்குக் கோட்டைக் கோயிலில் இருங்கள். பேரில்தான் கோட்டை. மதிலைத் தேடி அலையாமல் நேரே மல்லிகார்ஜுனர், காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போங்கள். தகடூரை ஆண்ட நுளம்பர்களின் கைவண்ணத்தை இங்கே காணலாம். தூண்களை அவசரமில்லாமல் பாருங்கள். கடைசல் பிடித்ததுபோல் வழவழவென்று உருட்டிய வளையங்கள், கூரான விளிம்புகள் எல்லாம் கருங்கல்லில். சோழநாட்டுக் கோயிலில் வளர்ந்த கண்ணுக்கு இது வேறு கை என்று உடனே பட்டுவிடும்.

காமாட்சி அம்மன் சந்நிதி உயரமான இடத்தில் இருக்கிறது. எல்லோரும் நேராகப் படியேறிவிடுவார்கள். நீங்கள் ஏறுவதற்கு முன் அடித்தளத்தைச் சுற்றி வாருங்கள். அதிட்டானத்தில் ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாக வரிசை கட்டியிருக்கின்றன. நின்றபடி பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். பத்துத் தலை, மரத்தின் பின்னால் நிற்கும் வில்லாளி, கல் சுமக்கும் குரங்கு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கிருந்து முன்னும் பின்னும் கதையைப் பிடித்துக்கொண்டு போகலாம். காலையில் கிழக்கு முகம் தெளிவாகத் தெரியும். மேற்கு முகத்துக்கு மாலையில் மறுபடி வரத் தயாராக இருந்தால் நல்லது. பக்கத்திலேயே பெருமாள் கோயிலும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறவர்களே அதிகம்.

சாப்பிட்டுவிட்டு அரசு அருங்காட்சியகம். 1979இல் தொடங்கியது. சண்டையில் செத்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களை ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாவட்டத்தில் இதைவிட வசதியான இடம் கிடையாது. மாநில அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அரசு விடுமுறை நாளில் போவதானால் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

மூன்றரை மணிக்கு டவுன் பஸ் பிடித்து அதியமான்கோட்டை. சேலம் சாலையில் சுமார் 7 கி.மீ. அந்தச் சாலையில் நடப்பது வீம்பு, லாரிப் புகையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. இறங்கிய பிறகு ஊருக்குள் நடங்கள். காலபைரவர் கோயில், சோமேசுவரர் கோயில், கூரையில் பழைய ஓவியங்கள் உள்ள சென்னராயப் பெருமாள் கோயில் மூன்றும் நடை தூரத்தில் இருக்கின்றன. தேய்பிறை அஷ்டமியன்று மட்டும் போகாதீர்கள். பூசணிக்காயில் விளக்கேற்றக் கூடும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்குப் போகலாம், கட்டடத்தைப் பார்க்க முடியாது. பெருமாள் கோயில் பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் அர்ச்சகர் வீட்டைக் கேளுங்கள். ஓவியத்துக்கு ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. கீழே விரிப்பு போட்டுப் படுத்துப் பார்ப்பதுதான் கழுத்துக்கு நல்லது. ஐந்து நிமிடம் போனதும் இருட்டு கண்ணுக்குப் பழகி, நிறங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும்.

அதியமான் அரண்மனை எந்த இடத்தில் இருந்தது? போய்ப் பார்க்க முடியுமா?
— பத்தாம் வகுப்பு மாணவர், நல்லம்பள்ளி

அப்படி நிற்கிற கட்டடம் எதுவும் கிடையாது தம்பி. சங்க காலத்து அரண்மனை மண்ணாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனது, இரண்டாயிரம் வருடம் தாங்காது. அதியமான்கோட்டையில் இருக்கும் அதியமான் கோட்டம் நம் காலத்தில் எழுப்பிய நினைவிடம்.

சங்கப் பாட்டில் வரும் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைக் கல்லிலேயே பார்க்க வேண்டுமென்றால் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைக்குப் போக வேண்டும். 1981இல் கண்டறியப்பட்ட தமிழி (பழந்தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு அது. "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்று ஒரே வரி. பாளி என்றால் துறவிகளுக்கான குகை உறைவிடம். அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய கேள்விக்கு அந்த வரி விடை சொன்னது. நெல்லிக்கனி கொடுத்ததை ஔவையார் பாடியது புறநானூறு 91ஆம் பாட்டில் இருக்கிறது. பாட்டையும் அந்த ஒற்றை வரியையும் சேர்த்து ஒருமுறை படித்துவிட்டு அதியமான்கோட்டைக்குப் போங்கள்.

கோட்டைக் கோயிலில் தூண் தொங்குவது உண்மையா, கதையா?
— வாசகி, காரிமங்கலம்

உண்மைதான். தூணின் அடி தரையில் முழுக்கப் படியவில்லை. மெல்லிய துணியையோ தாளையோ அடியில் நுழைத்து எடுத்துக் காட்டுவார்கள். அதைவிட நல்ல வழி, ஒருவர் தூணுக்கு அந்தப் பக்கம் தரையோடு டார்ச்சைப் பிடிக்க, இந்தப் பக்கம் குனிந்து பார்ப்பது. கீற்றாக வெளிச்சம் வரும். நாணயம், சாவி, பேனா மூடி எதையும் நுழைத்துப் பார்க்காதீர்கள். தூணின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வது இதனால்தான்.

எங்கள் நிலத்து வரப்பில் ஒரு கல் இருக்கிறது. வில் பிடித்த ஆள், மேலே ஏதோ எழுத்து. வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறோம். விடுதித் தோழர்கள் வந்து பார்க்க விரும்புகிறார்கள். எப்படிக் காட்டுவது, எப்படிப் படம் எடுப்பது, எழுத்தைப் படிக்க முடியுமா?
— இளங்கலை வரலாறு மாணவர், அரூர்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மதிப்புள்ளது இதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மூன்று மாவட்டங்களிலும் வேடியப்பன் என்று கும்பிடப்படுவதில் பல நடுகற்கள். வழிபாட்டில் இருக்கும் கல் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். பூசாரி வேறு குடும்பம் என்றால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பார்க்கும்போது எழுத்துக்குப் போகுமுன் உருவத்தை முடித்துவிடுங்கள். கையில் வில்லா, வாளா, இரண்டுமா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் மாடுகள் இருந்தால் தொறுப் பூசல், அதாவது மாடு பிடிச் சண்டை. எதிரே புலி பாய்ந்தால் புலி குத்திப் பட்டவன். காலருகே சிமிழோ கெண்டியோ செதுக்கியிருக்கலாம். கல் இரண்டு மூன்று அடுக்காகப் பிரிந்திருந்தால் பிற்காலத்தது என்று வைத்துக்கொள்ளலாம். கீழ் அடுக்கில் சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் தூக்கிச் செல்வது, மேலே அவன் லிங்கத்தின் முன் அமர்ந்திருப்பது என்று அடியிலிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பக்கத்தில் பெண் உருவம் கை உயர்த்தி நின்றால் உடன்கட்டை ஏறியவளுக்கு எடுத்த சதிக்கல்லாக இருக்கலாம்.

பல்லவர் காலத்துக் கல் என்றால் எழுத்து வட்டெழுத்தாக இருக்கும். எல்லாம் உருண்டையாக, இன்றைய தமிழெழுத்துக்கு ஒட்டாமல் தெரியும். வாசகத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அரசன் பெயர், ஆட்சியாண்டு, அந்தப் பகுதித் தலைவன், வீரன் பெயர், எதற்காகச் செத்தான், கடைசியில் "பட்டான் கல்" என்ற வரிசை. தொடக்கத்தில் "கோவிசைய" என்ற எழுத்துகளைத் தேடுங்கள். முடிவில் "கல்" கிடைத்தால் இரண்டுக்கும் நடுவில் இருப்பதை ஊகித்துக்கொண்டே நெருங்கலாம்.

செங்கம் பக்கம் எடுத்தனூர்க் கல் இதற்கு நல்ல பாடம். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. பக்கத்தில் ஒரு நாய் இருக்கிறது, அதற்குத் தனி வரியும் உண்டு. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. வீரனின் காலடியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தவர்களுக்கு அந்த நாய் தெரியாது. உங்கள் கல்லிலும் ஓரங்களை விடாதீர்கள்.

இனி படம். காலை ஏழரை முதல் ஒன்பது வரை, அல்லது நான்கு மணிக்கு மேல், சூரியன் கல்லின் பக்கவாட்டில் வரும் நேரமாகப் பாருங்கள். கல்லின் முகம் வடக்கு நோக்கியிருந்தால் வெயில் உதவாது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் இடப்பக்கமிருந்து, அப்புறம் வலம், மேல், கீழ் என்று நான்கு முறை. ஒரு கோணத்தில் ஓடி ஒளியும் கோடு இன்னொன்றில் பள்ளமாகத் தெரியும். எடுக்க வேண்டியவை: சுற்றுப்புறத்தோடு ஒன்று, முழுக் கல் நேராக ஒன்று, பின்பக்கம் ஒன்று, பிறகு எழுத்துப் பகுதி வரி வரியாக. ஒவ்வொரு படத்திலும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் ஒட்டும்போது ஓர் எழுத்து காணாமல் போகும். 15 செ.மீ. அளவுகோல் ஒன்றைக் கல்லைத் தொடாமல் பக்கத்தில் நிறுத்துங்கள்.

செய்யக் கூடாதவை இன்னும் முக்கியம். எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ், மாவு, குங்குமம், எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். எண்ணெய் கல்லின் துளைகளில் இறங்கிப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் எழுத்து அடைந்தே போகும். சாக்பீஸால் நிரப்புகிறவர் தான் ஊகித்த எழுத்தைத்தான் நிரப்புகிறார், பின்னால் வருகிறவரும் அந்தத் தப்பையே படிப்பார். கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். பாதி புதைந்திருந்தாலும் தோண்டாதீர்கள். எழுத்தின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி மசிப்படி எடுப்பது தொல்லியல் துறையினர் செய்ய வேண்டிய வேலை. படங்களோடு ஊர், நிலத்தின் சர்வே எண், ஜிபிஎஸ் குறிப்பு எழுதி மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு அனுப்புங்கள். நிலம் எங்கேயும் போகாது, கும்பிடவும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் எட்டுப் பேர். கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஏற வேண்டும். யாருக்கும் மலை ஏறிப் பழக்கமில்லை. என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே தவறு நடக்கும்?
— பாலிடெக்னிக் மாணவர்கள், ஓசூர்

ஏற ஒரு மணி நேரம், மேலே ஒன்றரை மணி நேரம், இறங்க முக்கால் மணி நேரம். ஓய்வும் சேர்த்து நான்கு மணி நேரமாகக் கணக்குப் போடுங்கள். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது, ஓசூரிலிருந்து பஸ்தான். பழையபேட்டைப் பக்கம் மலையடிவாரத்துக்கு விடிந்ததும் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்புங்கள். பத்து மணிக்குக் கீழே இருக்க வேண்டும். மார்ச் முதல் மே வரை வேண்டவே வேண்டாம். அந்த மாதங்களில் பாறை காலை ஒன்பதுக்கே அனல் கக்கத் தொடங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்த மறுநாளும் வேண்டாம், பாசி படிந்த வழுக்குப் பாறையில் எந்தச் செருப்பும் பிடிக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

தலைக்கு 2 லிட்டர் தண்ணீர். ஒரே பெரிய பாட்டிலாக வேண்டாம், இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள். முதல் பாட்டில் முடிந்தால் எங்கே நின்றாலும் திரும்பி இறங்குவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சுனைகளில் தண்ணீர் தெரியும். குடிக்கவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஓரம் பாசி, உள்ளே செங்குத்து, ஏறி வரப் பிடிமானம் இருக்காது. ஒருவருக்குத் தலை சுற்றினால் நிழலில் உட்கார வைத்து, 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்ற அளவில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பையும் சர்க்கரையையும் வீட்டிலேயே அளந்து பொட்டலம் கட்டிவிடுங்கள், மலை மேல் யாரும் ஸ்பூன் தேட மாட்டார்கள். பேச்சு குழறினாலோ, தோல் சூடாகி வேர்க்காமல் போனாலோ அது இந்தக் கரைசலுக்கு அடங்காது. தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகமானவர் முன்னே போனால் கூட்டம் இரண்டாக உடையும். பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் முன்னவர் ஓய்வு முடித்துக் கிளம்புவார், பாவம் பின்னவருக்கு ஓய்வே இருக்காது. பழக்கமில்லாதவர்கள் சோர்வது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

குரங்குகள் வாழைப்பழத்தைவிடப் பிளாஸ்டிக் பை சரசரப்புக்குத்தான் ஓடி வரும். துணிப்பையில் கட்டி உள்ளே வையுங்கள். செங்குத்துப் பாறையில் அடை அடையாகத் தொங்கும் மலைத்தேனீதான் பெரிய ஆபத்து. சென்ட் போடாதீர்கள், புகை கூடாது, பாட்டுப் பெட்டி கூடாது, கல்லெறிகிற தோழரைக் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள். கலைந்துவிட்டால் கையால் விசிறாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்த வழியே விரைந்து இறங்க வேண்டும். சுனைக்குள் குதிப்பவர் வெளியே தலை தூக்கும்வரை அவை காத்திருக்கும். கொடுக்கை உடனே அகற்றுங்கள், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காதீர்கள்.

உச்சியில் சையத் பாஷாவின் தர்கா இருக்கிறது. மலைக்கே அந்தப் பெயர் உண்டு. அங்கே செருப்பைக் கழற்றி, தலையை மூடிப் போங்கள். கும்பிட வந்தவர்களைப் படம் பிடிக்காதீர்கள்.

கோட்டையில் என்ன பார்ப்பது? மதிலின் கட்டுமானத்தைப் பாருங்கள். சாந்தில்லாமல் பெரிய பாறைத் துண்டுகளை இடுக்கி அடுக்கியது ஒரு கை. அதன் தலையில் செங்கல்லும் சுண்ணாம்புமாக, துப்பாக்கி நீட்டத் துளை விட்ட கைப்பிடிச் சுவர் வந்தால் அது வெடிமருந்துக் காலத்துச் சேர்க்கை. வாசலுக்கு முன்னால் பாதை ஏன் மடங்குகிறது என்று நின்று யோசியுங்கள். நேரே ஓடி வந்து கதவை இடிக்க இடம் கொடுக்காமல் செய்த ஏற்பாடு அது. மழைத் தண்ணீர் எந்தப் பாறைச் சரிவில் வழிந்து எந்தச் சுனையில் இறங்குகிறது என்பதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். முற்றுகையில் கோட்டை தாக்குப்பிடித்ததா இல்லையா என்பதை முடிவு செய்தது தண்ணீர்தான்.

இறங்கும்போதுதான் விழுவார்கள். கால் நடுங்கும், பேச்சு அதிகமாகும். சரிவில் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுக்கப் பதித்து இறங்குங்கள்.

பாறையில் பெயர் எழுதுவதைப் பற்றி: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டைக் கோட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு.

அந்தக் கோட்டையை ஆங்கிலேயர் சண்டை போட்டுப் பிடித்தார்களா?
— வாசகர், பர்கூர்

1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் தாக்கினார்கள். கோட்டையின் அடிவார ஊரான பேட்டைக்குள் புகுந்தவர்கள் மேல் கோட்டையை ஏற முடியாமல் பின்வாங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ராயக்கோட்டை மட்டும் கௌடி என்ற மேஜரிடம் விழுந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகால் என்ற இந்தப் பகுதியை விட்டுக்கொடுத்தபோதுதான் கிருஷ்ணகிரி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தது. அதன் பிறகு கும்பினி அதிகாரி ரீட் தலைமையில் நிலவரித் திட்டம் போட வந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஏழு வருடம் போல இந்தப் பக்கம் இருந்தார், தர்மபுரியில் தங்கி. உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையின் வேர் இங்கே இருக்கிறது.

செல்போன் வரைபடத்தை நம்பி ஒரு மலைக்குப் போனோம். கல்குவாரி வேலியில் கொண்டு விட்டது. எப்படித் திட்டமிடுவது?
— பொறியியல் மாணவர், பாலக்கோடு

செல்போன் வரைபடத்துக்குத் தெரிந்தது வண்டிப் பாதை. ஒற்றையடிப் பாதை, வேலி, பட்டா நிலம் எதுவும் அதற்குத் தெரியாது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை அந்தத் துறையின் இணையதளத்தில் இறக்கலாம். அதில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பாதையின் மேல் ஒரு நூலை வளைத்து வைத்து, நூலை நீட்டி அளந்தால் தூரம் வந்துவிடும். பழுப்புக் கோடுகள் நெருங்கியிருக்கும் பக்கம் செங்குத்து, விலகியிருக்கும் பக்கம்தான் ஏற வழி.

நேரக் கணக்கு: சமதளத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். இது குளிர்நாட்டில் போட்ட கணக்கு. நம் வெயிலுக்குப் பாதி கூட்டிக்கொள்ளுங்கள். அதாவது 4 கி.மீ. நடை, 200 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 20 நிமிடமும் 68, பாதி கூட்டினால் 102 நிமிடம். பார்க்க நிற்கும் நேரம் தனி.

வரைபடம் எதுவானாலும் அடிவார டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு ஏறுங்கள். "இந்தப் பாதை மேலே போகுமா?" என்று கேட்டால் எல்லோரும் போகும் என்பார்கள். "ஆடு மேய்க்கிறவங்க எந்தப் பக்கம் ஏறுவாங்க?" என்று கேளுங்கள்.

ஷூவா, செருப்பா?
— மாணவி, ஊத்தங்கரை

ஊருக்குள் என்றால் கழற்றி மாட்ட வசதியான, பின்பட்டை உள்ள செருப்பு. ஒரே காலையில் நாலு கோயில் வாசலில் கயிறு அவிழ்க்க முடியாது. மலைக்குப் பழகிய ஷூ. புதுசைப் போட்டுக்கொண்டு போனால் முதல் மைலிலேயே குதிகால் கொப்புளிக்கும். எரிச்சல் தெரிந்ததும் நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை. சுடும் பிராகாரத்துக்குத் தடித்த காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

நாங்கள் மூன்று பெண்கள். கோட்டை, கல்திட்டை மாதிரி ஆளில்லாத இடங்களுக்குத் தனியாகப் போகலாமா?
— முதுகலை மாணவிகள், கிருஷ்ணகிரி

ஊருக்குள் தாராளமாக. ஆளில்லாத மலைக்கு நான்கு பேருக்குக் குறையாமல், உள்ளூர்க் குடும்பம் ஒன்றோ ஆசிரியர் ஒருவரோ கூட வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கல்லூரித் துறைத்தலைவரிடம் "இன்னார் கள ஆய்வுக்கு வருகிறார்" என்று ஒரு கடிதம் வாங்கி வைப்பது பாதுகாப்புக்கும் உதவும், பூட்டிய கதவைத் திறக்கவும் உதவும். மூன்று மணிக்கு மேல் ஏறத் தொடங்காதீர்கள். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181.

மல்லசந்திரம் கல்திட்டைகள் கட்டாயம் பார்க்க வேண்டியவை. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட ஈமச்சின்னங்கள் ஒரு குன்று முழுக்க. முன்கல்லில் வட்டமாக வெட்டிய இடுதுளையைத் தேடுங்கள். உள்ளே தலையை விடுமுன் குச்சியால் தட்டிப் பாம்பு இல்லையென்று உறுதி செய்யுங்கள். அகழாய்வு நடந்த மயிலாடும்பாறைக்கு அகழ்வுக் குழி பார்க்கவென்று போனால் ஏமாற்றம்தான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதே, அந்தச் செய்தியின் பெருமை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. பானை ஓடு எதையும் பொறுக்கி வராதீர்கள். எடுத்த இடம் தெரியாத ஓட்டால் யாருக்கும் பயனில்லை.

ஒரு மாதப் பயிற்சிக்குத் தஞ்சாவூர் போகிறேன். மாலையிலும் ஞாயிறிலும்தான் நேரம். எப்படி நடப்பது?
— கல்லூரி மாணவர், காவேரிப்பட்டினம்

தஞ்சாவூர் பழைய ஊருக்குக் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு ராஜவீதிகள்தான் சட்டம். முதல் மாலையில் எதையும் பார்க்காமல் அந்த நான்கையும் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். அரண்மனையும் சரஸ்வதி மகாலும் அதற்குள், பெரிய கோயில் தென்மேற்கே அகழி சூழ்ந்த சின்னக் கோட்டைக்குள் என்பது காலுக்குப் பிடிபட்டால் அப்புறம் வழி கேட்க வேண்டியதில்லை.

பெரிய கோயில் விமானத்துக்கு மாலை வெயில் பொன்னாக விழும், எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். கல்வெட்டுப் படிக்க வேண்டுமானால் ஞாயிறு காலை ஆறரைக்குப் போங்கள். திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குப் பக்கச் சுவரில் தஞ்சையை ஆண்ட மராத்திய போன்ஸ்லே வம்ச வரலாறு மராத்தியில் நீளமாகப் பொறித்திருக்கிறது, 1803இல் எழுதியது. அந்தச் சுவரைப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டி ஸ்வார்ட்ஸ் தேவாலயம், 1779.

ஒரு ஞாயிறு திருவையாறு போங்கள். ஐயாறப்பர் கோயிலில் சோழர்கள் நுளம்ப நாட்டிலிருந்து வெற்றிப்பொருளாகக் கொண்டுபோன தூண்கள் நிற்கின்றன. கிளம்புமுன் தர்மபுரிக் கோட்டைக் கோயில் தூண்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால், அங்கே யாரும் காட்டாமலே எது நுளம்பர் தூண் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நடந்து பார்த்ததை வைத்துப் பத்துப் பக்கத் திட்ட அறிக்கை எழுத வேண்டும். கல்வெட்டிலும் ஆவணத்திலும் வெவ்வேறு ஆண்டுக் கணக்கு வருகிறதே, குழப்பமாக இருக்கிறது.
— வரலாறு மாணவி, பென்னாகரம்

சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. ஆண்டு வரும். மார்கழிக்கு மேல் தை முதல் பங்குனி வரையிலான தேதி என்றால் 79. பழைய வருவாய்க் கணக்குகளில் வரும் பசலியோடு 590 கூட்டுங்கள். கலியுக ஆண்டிலிருந்து 3101 கழிக்க வேண்டும். ஹிஜ்ரி சந்திரக் கணக்கு, அதற்கு ஒரே எண் கூட்டிப் பயனில்லை, மாற்று அட்டவணை பாருங்கள். பிரபவ, விபவ என்று வருடப் பெயர் மட்டும் இருந்தால் அது 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அரசன் பெயரோ எழுத்தின் வடிவமோ இல்லாமல் ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள்.

குறிப்பேட்டில் இடப்பக்கம் கண்ணால் பார்த்தது மட்டும், வலப்பக்கம் பிறர் சொன்னதும் படித்ததும். இரண்டும் கலந்துவிட்டால் வீட்டுக்கு வந்து பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே தேதி, மணி, எந்தத் திசைச் சுவர் என்று எழுதுங்கள். படத்தின் எண்ணையும் அங்கேயே குறியுங்கள், ராத்திரி விடுதியில் உட்கார்ந்து நானூறு படங்களில் வடக்குச் சுவரைத் தேடுவது பெரும் பாடு.